வாங்கும் அளவு வேறு, வளரும் அளவு வேறு: வீட்டுக் கடல்நீர்த் தொட்டி மீன்கள், ஒரு விமர்சனம்

கடல் மீன் விற்கும் இடம் கடையாக இருந்தாலும் இணையதளமாக இருந்தாலும் மீனின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அளவு போட்டிருப்பார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று இருக்கும், இல்லையென்றால் 3 முதல் 5 சென்டிமீட்டர் என்று இருக்கும். அது இன்றைக்கு அந்த மீன் இருக்கும் அளவு. முழுசாக வளர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பது பெரும்பாலும் அங்கே இருக்காது, இருந்தாலும் கீழே எங்கேயோ பொடி எழுத்தில் இருக்கும். அந்த விடுபட்ட அளவை மட்டும் வைத்து, வழக்கமாக விற்பனைக்கு வரும் கடல் மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இது வாங்கலாம், இது வேண்டவே வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். நிறம் எப்படி, எவ்வளவு அரிது என்பதை எல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. வளர்ந்த பிறகும் ஒரு வீட்டுத் தொட்டியில் இந்த மீன் நிம்மதியாக வாழுமா என்பது ஒன்றுதான் எனக்குக் கேள்வி.

வீட்டுத் தொட்டி என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலரும் ஆரம்பிப்பது 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் உள்ள தொட்டியில். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் சுமார் 65 லிட்டர். அதற்கு அடுத்தது 90 × 45 × 45, அதாவது 182 லிட்டர். நாலு அடித் தொட்டி என்றால் 120 × 45 × 50, 270 லிட்டர். ஆறு அடி, 180 × 60 × 60, கிட்டத்தட்ட 650 லிட்டர், இதற்கு மேல் போகிறவர்கள் மிகவும் குறைவு. இதெல்லாம் கண்ணாடியின் கணக்கு. லைவ் ராக் (சின்னச் சின்ன உயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை), மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் உண்மையான நீர் இதைவிட நன்றாகவே குறையும், அதனால் பெட்டியில் அச்சடித்த லிட்டரை நம்பி மீன் எண்ணிக்கை போடாதீர்கள். இன்னொன்று, மீனுக்கு லிட்டர் தெரியாது. அதற்குத் தெரிவது எவ்வளவு தூரம் நேராக நீந்த முடிகிறது, இடிக்காமல் திரும்ப முடிகிறதா என்பதுதான். அதே 270 லிட்டரை உயரமான சதுரத் தொட்டியில் ஊற்றினால், நீந்தும் மீனுக்கு அது 120 செ.மீ. நீளத் தொட்டியைவிட ரொம்பச் சின்ன இடம்.

இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன் என்று ஒரு கணக்கு காலங்காலமாகச் சுற்றிவருகிறது. நன்னீர்த் தொட்டிக்கே அது அரைகுறையான கணக்கு, கடல்நீர்த் தொட்டிக்கு அது சுத்தமாக உதவாது. ஏன் என்று பார்த்தால், மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை, உயரம் அகலம் எல்லாவற்றிலும் சேர்ந்து வளர்கிறது. அதே உடலமைப்போடு 10 செ.மீ. மீன் 20 செ.மீ. ஆனால் அதன் எடை இரண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு. தின்பதும் கழிப்பதும் மூச்சுக்கு இழுக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்ப ஏறும். அங்குலக் கணக்கோ அதை இரண்டு மடங்கு என்றுதான் எழுதும். இதோடு கடல்நீரில் கரையும் ஆக்சிஜனே குறைவு. 25 டிகிரி செல்சியஸில் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும் என்றால் கடல்நீரில் சுமார் 6.7 தான். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் கடல்நீருக்கு மாறும்போது, அதே எண்ணிக்கையில் மீன் விட்டுவிட்டு, எல்லாமே ஏன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்று திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மீன்களுக்கு வருவோம். விற்கவே கூடாது என்று நான் நினைப்பவற்றை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அதிகம் மயங்குவது இவற்றில்தான்.

ஹார்லிகுவின் ஸ்வீட்லிப்ஸ். குட்டியாக இருக்கும்போது பழுப்பு உடம்பில் பெரிய வெள்ளைத் திட்டுகள், உடம்பை அப்படியே நெளித்து நெளித்து நீந்தும், கடையில் அதைத் தாண்டி நடக்க மனசு வராது. 5 செ.மீ. இருக்கும். வளர்ந்தால் 72 செ.மீ. வரை போகும், அந்தப் பழுப்பும் திட்டும் நெளிவும் எதுவும் மிச்சம் இருக்காது, உடம்பெல்லாம் கரும்புள்ளியோடு சாம்பல் வெள்ளையான பெரிய மீன். அதற்கு முன்பே பட்டினியில் சாவதுதான் அதிகம், குட்டிகள் தொட்டித் தீவனத்தை எளிதில் தொடுவதில்லை. பேந்தர் க்ரூப்பர், அதாவது வெள்ளை உடம்பில் கரும்புள்ளி போட்ட அந்தக் களவா, அதுவும் இதே கதைதான். குட்டி 6, 7 செ.மீ.யில் தலையைக் கீழே சாய்த்து அழகாக மிதந்துகொண்டிருக்கும், எல்லை 70 செ.மீ. இது பட்டினி கிடக்காது, நன்றாகத் தின்று வேகமாக வளரும், கூட இருக்கும் மீன்களையும் சேர்த்துத் தின்னும். பேட்ஃபிஷ் மூன்றாவது. டெய்ரா வகை 70 செ.மீ. வரை வளரும், ஆரஞ்சு விளிம்போடு கறுப்பாக இருக்கும் பின்னேட்டஸ் வகை 45 செ.மீ. இங்கே நீளத்தைவிட உயரம்தான் பெரிய பிரச்சினை, குட்டியாக இருக்கும்போது மேல் கீழ்த் துடுப்புகளையும் சேர்த்தால் நீளத்தைவிட உயரம் அதிகம். 50 செ.மீ. உயரத் தொட்டியில் மணல் போக மிஞ்சுவதில் அந்தத் துடுப்புகள் விரிவதற்கே இடம் இருக்காது. மூன்றுக்கும் என் தீர்ப்பு ஒன்றே: ஆறு அடித் தொட்டி இருந்தாலும் வேண்டாம்.

சுறா முட்டையும் விற்கிறார்கள். பேம்பூ ஷார்க் முட்டை, உள்ளே குட்டி அசைவது வெளிச்சத்தில் தெரியும், குழந்தைகளுக்குக் காட்ட ஆசையாக இருக்கும் என்பது புரிகிறது. பழுப்புப் பட்டை உள்ள வகை ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், தரையிலேயே கிடந்து தரையிலேயே திரியும் பிராணி, அதற்குத் தேவை ஒரு குளம் மாதிரி பரப்புள்ள தொட்டி. நர்ஸ் ஷார்க் 3 மீட்டர் வரை போகும் இனம், அது எப்படி வீட்டு மீன் பட்டியலுக்குள் வந்தது என்றே தெரியவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

அடுத்த வரிசை, பெரிய தொட்டி இருந்தால் யோசிக்கலாம் என்கிற மீன்கள். லயன்ஃபிஷ், வழக்கமாக விற்கப்படும் வாலிடன்ஸ் வகை, 38 செ.மீ. வரை வளரும். அதிகம் நீந்தாது என்பதால் அந்த நீளத்துக்கு மற்ற மீன்கள் கேட்கும் இடம் இது கேட்காது. ஆனால் வாய் பெரிது, அந்த வாயில் நுழையும் எந்த மீனும் இரைதான், முள்ளில் விஷம் இருப்பதால் தொட்டிக்குள் கைவிடும்போதெல்லாம் கவனம் வேண்டும். இந்தத் தோற்றம் பிடித்திருந்தால் குள்ள வகைகளைப் பாருங்கள், ஃபூ மஞ்சு லயன்ஃபிஷ் 13 செ.மீ.யோடு நின்றுவிடும். க்ளவுன் ட்ரிகர், கிளாத்தி வகை, கடையில் 5 செ.மீ., வளர்ந்தால் 50 செ.மீ., அதோடு கூட இருப்பதை எல்லாம் கடித்துக் குதறும் குணம் வளர வளர ஏறும். போர்க்குபைன் பஃபர் என்கிற முள்ளம்பேத்தை மனிதர்களை அடையாளம் கண்டு கண்ணாடியோரம் வந்து நிற்கும், அதனால் எல்லோருக்கும் அதன்மேல் பாசம் வந்துவிடும், வீட்டில் 20, 30 செ.மீ. சாதாரணமாகவே ஆகும், தின்பது அதிகம், கழிவு அதைவிட அதிகம். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் வடிகட்டியும் அதற்கேற்ப இல்லாதவர்கள் இதை எடுக்க வேண்டாம். அதே குடும்பச் சாயல் வேண்டும் என்றால் வேலன்டினி பஃபர் 11 செ.மீ.தான், ஆனால் அது மற்ற மீன்களின் துடுப்பைக் கொறிக்கும்.

பெரிதாகிவிட்டது என்று கடலில் கொண்டுபோய் விடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தோ-பசிபிக் கடல்களின் மீனான லயன்ஃபிஷ், அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலோரத்தில் 1985-இல் முதலில் பதிவானது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவைதான் தொடக்கம் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. இன்றைக்கு அது மேற்கு அட்லான்டிக், கரீபியன், மெக்சிகோ வளைகுடா முழுக்கப் பரவி அங்கே உள்ள சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. பொதுக் காட்சியகங்களும் வீட்டில் பெருத்துப்போன மீன்களை எடுத்துக்கொள்வது அபூர்வம், அவர்களுக்கும் இடம் கிடையாது. ஆக, வாங்கும்போது எடுக்கும் முடிவுதான் அந்த மீனின் மொத்த ஆயுளுக்கும்.

டேங் வகைகளுக்கு வருகிறேன், இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். ப்ளூ டேங்: கடையில் 3, 4 செ.மீ.யில் பளீர் நீலத்தில் கூட்டமாக இருக்கும், 65 லிட்டர் தொட்டிக்கும் பொருந்தும் போலவே தெரியும். முழு வளர்ச்சி 31 செ.மீ., வீட்டில் 20-ஐத் தாண்டுவது சகஜம். இது நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன், பவளத் திட்டு ஓரமாக இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று திறந்த நீரில் ஓடும் உடலமைப்பு. ஆறு அடித் தொட்டிக்குக் குறைவாக இதை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குட்டியாக வாங்கி நாலு அடியில் வைத்துப் பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். அந்தப் பெரிய தொட்டி ஏற்கெனவே வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால் சரி. வாங்கப்போகிறேன் என்பது தொட்டி ஆகாது.

யெல்லோ டேங் 20 செ.மீ. வரை வளரும். 120 செ.மீ. தொட்டியில் ஒன்று வைக்கலாம், 180 இருந்தால் இன்னும் நல்லது. 2015-இல் ஹவாயில் உள்ள ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட்டில் இதை முதன்முதலாகத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்த்தார்கள், அதன்பிறகு வளர்ப்புக் குட்டிகள் விற்பனைக்கு வர ஆரம்பித்தன. அந்தக் குட்டிகள் சின்னதாக இருந்தாலும் தீவனம் தின்னப் பழகியவை என்பது பெரிய வசதி. கடலில் இந்த இனம் 40 ஆண்டுகள் வரைகூட வாழும், இன்று வாங்கும் மீன் உங்கள் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் இருக்கலாம் என்று நினைத்துத்தான் இடம் ஒதுக்க வேண்டும். நேசோ டேங் 45 செ.மீ. போகும், அதை இந்த விமர்சனத்தில் முதல் வரிசையோடு சேர்த்துவிடுங்கள். டேங் கண்டிப்பாக வேண்டும், ஆனால் நாலு அடித் தொட்டிதான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது டொமினி டேங். 16 செ.மீ., பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டே இருக்கும், டேங் வகையில் இவ்வளவு அடக்கமான அளவு வேறு எதிலும் அதிகம் கிடையாது. நிறம் கொஞ்சம் மங்கல் என்பதால் கடையில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது நியாயமே இல்லை.

ஏஞ்சல் வகையில் எம்பரர் ஏஞ்சல் குட்டியாக இருக்கும்போது கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள், பெரிதானதும் மஞ்சள் கோடுகள், இரண்டும் ஒரே மீன் என்றால் நம்ப முடியாது. 40 செ.மீ. வளரும், ஆறு அடிக்கும் மேல் வேண்டும். அதன் இடத்தில் குள்ள ஏஞ்சல்கள் அருமையான தேர்வு. கோரல் பியூட்டி சுமார் 10 செ.மீ., செருப் ஏஞ்சல் 8 செ.மீ. 182 லிட்டர் தொட்டியில் கோரல் பியூட்டி ஒன்று சௌகரியமாக இருக்கும், ஒன்றுதான், இரண்டு விட்டால் சண்டை. பவளம் வளர்ப்பவர்கள் மட்டும் கவனம், குள்ள ஏஞ்சல்கள் சில நேரம் பவளத்தைக் கொத்தும்.

தொட்டி சின்னதாக இருந்தால் மீனும் அதற்கேற்ப சின்னதாகவே நின்றுவிடும் என்று விற்பவர்களே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் பேச்சு. மீனின் வளர்ச்சி குறைவது உண்மைதான், ஆனால் அது இடத்துக்கேற்ப அமைந்துகொள்வது இல்லை. கழிவு சேர்ந்த நீர், போதாத உணவு, ஓயாத அழுத்தம், இவை எல்லாம் சேர்ந்து வளர்ச்சியைத் தடுக்கின்றன. அப்படிக் குறுகிய மீன் நோயை எதிர்க்கும் சக்தி இழந்து, ஆயுளில் பெரும்பகுதியை வாழாமலேயே போகிறது. சின்னத் தொட்டியில் ப்ளூ டேங் பெரிதாகாமல் இருக்கிறதே என்று யாராவது காட்டினால், அந்த மீன் இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

இனி வாங்கச் சொல்லும் மீன்கள். க்ளவுன் ஃபிஷ், ஆசெல்லாரிஸ் வகை, என் பட்டியலில் முதலிடம். எல்லை 11 செ.மீ. என்றாலும் வீட்டில் 8 செ.மீ.யைச் சுற்றித்தான் நிற்கும். கடலில் பூப்போல் விரிந்திருக்கும் அனிமோன் என்கிற உயிர் ஒன்றைச் சுற்றியே வாழும் மீன் என்பதால் நீந்த நீண்ட தூரம் கேட்பதில்லை, ஒரு ஜோடியை 65 லிட்டரில் வைத்தாலும் கஷ்டப்படாது. பெரும்பாலும் வளர்ப்புக் குட்டிகளாகவே கிடைக்கும். ஆனால் மரூன் க்ளவுனை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதில் பெண் மீன் 17 செ.மீ. வரை வளரும், சின்னத் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைக்கும்.

ராயல் க்ராமா, 8 செ.மீ., பாதி ஊதா பாதி மஞ்சள், ஒரு பாறைக் குகை கிடைத்தால் அதிலேயே திருப்தி. பங்காய் கார்டினல், அதுவும் 8 செ.மீ., அசையாமல் மிதந்துகொண்டிருக்கும், ஆண் மீன் வாயில் முட்டையை வைத்து அடைகாக்கும். இந்தோனேசியாவில் மிகச் சிறிய பகுதியில் மட்டும் இயற்கையாக உள்ள இனம், 2007-இல் அழியும் ஆபத்தில் உள்ளதாக, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் பட்டியலில் சேர்க்கப்பட்டது, எனவே வளர்ப்புக் குட்டி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். ஃபயர்ஃபிஷ் 9 செ.மீ., எந்தச் சண்டைக்கும் போகாது, ஆனால் பயந்தால் தொட்டியைவிட்டு வெளியே குதித்துவிடும், மேலே வலை மூடி இல்லாமல் வைக்கவே கூடாது. கோபி வகைகள் சின்னத் தொட்டிக்காகவே பிறந்தவை என்று சொல்வேன். நியான் கோபி 5 செ.மீ., மஞ்சள் க்ளவுன் கோபி 3.5 செ.மீ.தான், பவளக் கிளையில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும். யெல்லோ வாட்ச்மேன் கோபி 10 செ.மீ., ஒரு பிஸ்டல் இறாலோடு சேர்த்து விட்டால் இறால் வளை தோண்டும், மீன் வாசலில் காவல் இருக்கும், பெரிய மீன் எதிலும் காணக் கிடைக்காத காட்சி அது.

சின்ன மீன் என்றாலே சின்னத் தொட்டி போதும் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. இதற்கு மாண்டரின்தான் சரியான உதாரணம். 6, 7 செ.மீ.தான், மெதுவாகத் தரையில் ஊர்ந்து திரியும், அளவை மட்டும் பார்த்தால் 65 லிட்டருக்கு ஏற்ற மீன். ஆனால் அது தின்பது பாறையில் வாழும் கோப்பிபாட் போன்ற மிகப் பொடியான ஓட்டுடலிகளை, அதுவும் நாள் முழுக்க விடாமல். சின்னத் தொட்டியில் உள்ளதைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிட்டு மெலிந்து மெலிந்து செத்துப்போகும். நிறைய லைவ் ராக் உள்ள, பல மாதங்கள் ஓடிப் பழகிய பெரிய தொட்டி வேண்டும், அல்லது உறைந்த தீவனம் தின்னப் பழகிய வளர்ப்பு மாண்டரினைத் தேடிப் பிடிக்க வேண்டும். லயர்டெய்ல் ஆந்தியாஸ் 15 செ.மீ. வரை ஆகும், திறந்த நீரில் ஓயாமல் நீந்தும், ஒரு நாளைக்குப் பல தடவை சாப்பாடு கேட்கும், அந்தச் சாப்பாடு எல்லாம் நீரைக் கெடுக்கும், அதனால் அதே நீளமுள்ள மற்ற மீனைவிட இதற்கு அதிக நீர் வேண்டும். டாம்செல் வகைகள் வேறு மாதிரி. மூன்று புள்ளி டாம்செல் 3 செ.மீ.யில் குட்டிப் பந்துபோல் இருக்கும், வளர்ந்தால் 11 செ.மீ.யைத் தாண்டி, தன்னைவிடப் பெரிய மீனையும் துரத்தும். சிக்ஸ்லைன் ரஸ் 10 செ.மீ.தான், சின்னத் தொட்டியில் அது முதலில் குடியேறிவிட்டால் அடுத்து வரும் எதையும் நிம்மதியாக விடாது. பச்சை க்ரோமிஸைக் கூட்டமாக வாங்கச் சொல்வார்கள், மாதங்கள் போகப்போகத் தங்களுக்குள்ளேயே துரத்தித் துரத்தி ஒன்றிரண்டாகக் குறைந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

எந்த மீன் என்று முடிவான பிறகு, எந்த அளவில் வாங்குவது என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. ரொம்பச் சின்னதும் வேண்டாம், ரொம்பப் பெரியதும் வேண்டாம். 3 செ.மீ. ப்ளூ டேங் உடம்பில் சேமிப்பே கிடையாது, பிடித்ததிலிருந்து கடைக்கு வரும்வரை பட்டினி, அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொடுத்தால்தான் தேறும். கடையில் பார்க்கும்போது முன்பக்கமிருந்து பாருங்கள், பக்கவாட்டில் இல்லை. தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றிக் கத்தி முனைபோல் தெரிந்தால், வயிறு உள்ளே ஒட்டியிருந்தால், எடுக்காதீர்கள். மறுபக்கம், கடலிலேயே முழுசாக வளர்ந்து பிறகு பிடிபட்ட மீனுக்குத் தொட்டி வாழ்க்கையும் தொட்டித் தீவனமும் பழகுவது கஷ்டம். பெரிய ஏஞ்சல்களிலும் பட்டாம்பூச்சி மீன்களிலும் இது நன்றாகவே தெரியும். காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை 20 செ.மீ. வரை வளரும், அதை 8 முதல் 10 செ.மீ.க்குள் வாங்குவதுதான் நல்லது, அதற்குக் கீழே போனால் தாங்காது, மேலே போனால் தின்னாது. எந்த அளவானாலும் கண்ணெதிரே தீவனம் போடச் சொல்லி அது தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். பெரிய மீனைத் தொலைவிலிருந்து தருவிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, பையில் உள்ள கொஞ்ச நீரில் அது சின்ன மீனைவிட வேகமாக அம்மோனியாவைச் சேர்த்துவிடும். வழியில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து அமிலத்தன்மை ஏறியிருப்பதால் அம்மோனியாவின் வீரியம் அடங்கியிருக்கும், பையைத் திறந்ததும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட, அம்மோனியாவின் விஷம் சட்டென்று ஏறும். அதனால் திறந்த பையை மணிக்கணக்கில் வைத்திருக்காமல் மீனை வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஒன்றோடொன்று சேரும் அளவையும் பார்க்க வேண்டும். சண்டை அதிகம் வருவது ஒரே அளவும் ஒரே உருவமும் உள்ள மீன்களுக்கு இடையில்தான். க்ளவுன் ஜோடி வாங்கும்போது இரண்டையும் சமமாக எடுக்காமல், ஒன்று பெரியதாக, ஒன்று தெளிவாகச் சின்னதாக எடுங்கள். இவை எல்லாம் முதலில் ஆணாகவே வளரும், பெரியது பெண்ணாக மாறும், சின்னது ஆணாகவே நிற்கும். பாப்புவா நியூ கினியாவில் பெர்குலா க்ளவுன்களைக் கவனித்து 2003-இல் வெளியான ஆய்வில், கீழ்நிலையில் உள்ள மீன் தனக்கு மேலே உள்ளதைவிட எப்போதும் ஒரு படி சின்னதாகவே இருக்கும்படித் தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று கண்டார்கள். முன்னே சொன்ன தொட்டி அளவுக் கட்டுக்கதைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது மீனுக்கும் மீனுக்கும் நடுவில் நடக்கும் ஏற்பாடு. அப்புறம் வாய். களவா, லயன்ஃபிஷ், விலாங்கு மாதிரி வேட்டை மீன்களோடு எதையாவது விடும்போது அதன் வாய் இன்றைக்கு எவ்வளவு என்று பார்த்தால் போதாது, அடுத்த வருடம் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

விற்பவர்கள் போடும் அளவுக் குறிப்புகளுக்கு நான் நல்ல மதிப்பெண் தரமாட்டேன். ஒரு மீனுக்கு நடுத்தரம் என்றால் 4 செ.மீ., இன்னொன்றுக்கு 12 செ.மீ., பொதுவான அளவுகோலே இல்லை. சிலர் வால் நுனிவரை அளப்பார்கள், சிலர் வாலை விட்டுவிட்டு அளப்பார்கள், வால் நீண்ட மீன்களில் இந்த வித்தியாசமே பெரிது. குறைந்தபட்சத் தொட்டி அளவு என்று போடுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பெரும்பாலும் விற்கும் அளவுக்குச் சரியாக இருக்கும், வளர்ந்த அளவுக்கு இருக்காது. நல்ல விற்பனையாளர் என்று நான் நம்புவது, முழு வளர்ச்சி என்ன என்று கேட்டால் உடனே சொல்பவரை, உங்கள் தொட்டி எவ்வளவு என்று திருப்பிக் கேட்பவரை, பொருந்தாவிட்டால் விற்க மறுப்பவரை. பெரிதான பிறகு திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றும் வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள். நானாகப் போடும் கணக்கு இது: ஓயாமல் நீந்தும் மீன் என்றால் முழு வளர்ச்சி நீளத்தைப்போல் குறைந்தது ஆறு மடங்கு தொட்டியின் நீளம், இரண்டு மடங்கு அகலம். 20 செ.மீ. யெல்லோ டேங்குக்கு 120 நீளம், 40 அகலம். 31 செ.மீ. ப்ளூ டேங்குக்கு 186 நீளம், 62 அகலம், அதாவது ஆறு அடித் தொட்டியே கொஞ்சம் இடிக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்களுக்கு இது பாதி இருந்தாலே போதும்.

இந்தக் கணக்கை வைத்து நாலு அடி, 270 லிட்டர் தொட்டிக்கு நான் தேர்ந்தெடுக்கும் கூட்டம்: ஃபயர்ஃபிஷ் ஒன்று, பிஸ்டல் இறாலோடு வாட்ச்மேன் கோபி ஒன்று, ராயல் க்ராமா ஒன்று, ஆசெல்லாரிஸ் ஜோடி, கோரல் பியூட்டி ஒன்று, டொமினி டேங் ஒன்று. இதே வரிசையில், ஒன்று தீவனம் தின்னப் பழகிய பிறகு அடுத்தது, ஒவ்வொன்றையும் தனித் தொட்டியில் நோய் பார்த்துவிட்டு, அதட்டும் குணம் உள்ளவை கடைசியில். எல்லாம் குட்டியாக இருக்கும் முதல் மாதங்களில் தொட்டி பாதி காலியாகத்தான் தெரியும், பார்க்க வருபவர்கள் இன்னும் இரண்டு விடலாமே என்பார்கள். விடாதீர்கள், அந்த இடம் டொமினி வளர்வதற்கு வைத்தது.